கேபி 5034441: உதவிப் பக்கத்தைத் தேடவும் படிக்கவும் ஒரு பாடம்

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10 கணினிகளுக்கு கேபி 5034441 என்ற அப்டேட் வந்தது. கேபி எண் என்பது மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்டுகளுக்கும் உதவிக் கட்டுரைகளுக்கும் தரும் அடையாள எண். ஏராளமான கணினிகளில் அது இறங்கும், நிறுவத் தொடங்கும், பாதியில் நின்று 0எக்ஸ்80070643 என்ற எரரைக் காட்டும். திரும்பத் திரும்ப 'ரீட்ரை' அழுத்தினாலும் அதே கதைதான். எரர் எண்ணைத் தேடியவர்களுக்குக் கிடைத்தவை டாட்நெட் கோளாறு, ஆபீஸ் நிறுவல் சிக்கல், டிஃபெண்டர் அப்டேட் பிரச்சினை என்று சம்பந்தமே இல்லாத கட்டுரைகள். கேபி எண்ணைத் தேடியவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் அந்த ஒரு பக்கத்துக்கே நேராகப் போனார்கள். ரெக்கவரி பார்ட்டிஷனில், அதாவது விண்டோஸ் கெட்டால் மீட்கும் கருவிகளுக்காக வட்டில் ஒதுக்கிய பகுதியில், இடம் போதவில்லை என்ற காரணம் அங்கேயே எழுதியிருந்தது.

உதவிப் பக்கங்களில் பதில் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பதில் இருக்கும் இடத்தில்தான் தேடுகிறார்கள். எதைக் கொடுத்துத் தேடுவது, கிடைத்த பக்கத்தில் எந்த வரியை முதலில் படிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்த ஒரு அப்டேட்டை வைத்தே அதில் பாதியைச் சொல்லிவிடலாம்.

முதலில் எரர் எண். விண்டோஸில் 0எக்ஸ்8007 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பிரித்து எடுங்கள். கால்குலேட்டரை 'புரோகிராமர்' வகைக்கு மாற்றி, ஹெக்ஸ் வரியில் அந்த நான்கையும் தட்டினால், டெசிமல் வரியில் சாதாரண எண் வரும். 0070 என்பது 112. கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 112' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், வட்டில் இடமில்லை என்று விண்டோஸே சொல்லிவிடும். 0005 என்பது 5, அனுமதி மறுக்கப்பட்டது. 0002 என்பது 2, கோப்பைக் காணவில்லை. இந்த மாதிரி எண்கள் காரணத்தை நேரடியாகச் சொல்பவை. இவற்றைத் தேடுவதில் பயன் உண்டு.

0643 அப்படியல்ல. அது 1603. 'நிறுவும்போது பெரும் பிழை' என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. எந்த மென்பொருளின் நிறுவல் எதனால் தோற்றாலும் 1603 வரலாம். அதனால்தான் அதைத் தேடினால் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது. இந்த அப்டேட்டில் உண்மையான காரணம் இடப் பற்றாக்குறை. திரையில் வந்ததோ பொதுவான தோல்வி எண். கணினி தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட்டே அந்தப் பக்கத்தில் ஒப்புக்கொண்டது. ஆகவே எண்ணைப் பிரித்துப் பார்த்து, அது குறிப்பாக எதையும் சொல்லவில்லை என்றால், அதை விட்டுவிட்டு எந்த அப்டேட், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதைக் கொடுத்துத் தேடுங்கள். கேபி எண் கையில் இருந்தால் தேடவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் சப்போர்ட் தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஹெல்ப், இன்னொரு சாய்கோடு, பிறகு எண் என்று தட்டினாலே பக்கம் திறக்கும்.

எண்ணே இல்லாத பிழைச் செய்திகளில், திரையில் உள்ள வாசகத்தை அப்படியே எடுங்கள். ஆனால் முழுவதையும் அல்ல. உங்கள் பெயர், கோப்புறைப் பாதை, நேரம், ஆர்டர் எண் ஆகியவை உங்களுக்கு மட்டும் உரியவை; அவற்றைச் சேர்த்தால் ஒன்றும் அகப்படாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும் நான்கைந்து சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பல நிறுவனங்களின் சொந்தத் தேடல் பெட்டி மேற்கோள் குறியை மதிப்பதில்லை. அப்போது கூகுளுக்குப் போய், 'சைட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த உதவித் தளத்தின் முகவரியைச் சேர்த்து, பிறகு மேற்கோளுக்குள் வாசகத்தைக் கொடுங்கள். முகவரியில் 'சப்போர்ட்' அல்லது 'ஹெல்ப்' என்று தொடங்கும் பகுதியையும் சேர்த்துக் கொடுப்பது முக்கியம். வெறும் நிறுவன முகவரியைக் கொடுத்தால் பாதி முடிவுகள் விற்பனைப் பக்கங்களாக இருக்கும்.

நமக்குப் பிரச்சினை புகாராகத் தோன்றும். கட்டுரை எழுதுபவருக்கு அது ஒரு வேலையாகத் தோன்றும். 'போன் மாத்தினதுல எல்லாம் போயிடுச்சு' என்று நாம் நினைப்பது அங்கே 'பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்வது' என்ற தலைப்பில் இருக்கும். 'காசு எடுத்துட்டான், பொருள் வரல' என்பது 'பெண்டிங் பேமெண்ட்' என்பதன் கீழ் கிடக்கும். அவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்று முதலிலேயே ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் வேண்டாம். கிட்டத்தட்டப் பொருந்தும் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, பதிலைத் தேடாமல் சொற்களை மட்டும் பொறுக்குங்கள். அந்த வசதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், மெனுவின் பெயர், பக்கத்தின் அடியில் உள்ள தொடர்புடைய தலைப்புகள். அந்தச் சொற்களோடு மறுபடி தேடுங்கள். சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டென்று கண்டுபிடிப்பது இந்த இரண்டாவது தேடலில்தான்.

தமிழில் தேடுபவர்களுக்குக் கூடுதலாக இரண்டு தொல்லைகள். ஒன்று வேற்றுமை உருபு. பல தளங்களின் தேடல் பெட்டிக்குப் 'பிரிண்டரில்', 'பிரிண்டருக்கு', 'பிரிண்டரை' மூன்றும் மூன்று வேறு சொற்கள். 'பிரிண்டர்' என்று மொட்டையாகக் கொடுப்பதே மேல். இன்னொன்று, தமிழ் உதவிப் பக்கங்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள், அவற்றில் வாயில் வராத சொற்களே இருக்கும். பாஸ்வேர்ட் அங்கே 'கடவுச்சொல்', ஸ்டோரேஜ் அங்கே 'சேமிப்பகம்', லாகின் அங்கே 'உள்நுழைவு'. வைஃபைக்கு மட்டும் மூன்று எழுத்துக்கூட்டல்களைக் காணலாம். ஆங்கிலச் சொல்லால் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, பிறகு மொழியை மாற்றிக்கொள்வது சுலபம். கூகுள் உதவிப் பக்கத்தில் முகவரியின் கடைசியில் 'ஹெச்எல்' என்ற குறிக்கு நேராக உள்ள மொழிக் குறியை மாற்றினால் அதே பக்கம் தமிழில் வரும். உங்கள் போன் தமிழில் இருந்தால் தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதுதான் சரி, மெனுப் பெயர்கள் அட்சரசுத்தமாகப் பொருந்தும். போன் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலப் பக்கமே நல்லது. ஒன்றைப் படித்துக்கொண்டு இன்னொன்றில் தேடினால் தலைவலிதான். மொழிபெயர்ப்பு ஆங்கில மூலத்துக்குப் பின்தங்கியிருப்பதும் உண்டு. எதையாவது அழிக்கச் சொல்லும் கட்டுரையாக இருந்தால் ஆங்கிலப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரியான பக்கம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் நேராக '1.' என்று தொடங்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். விபத்து அங்கேதான்.

கேபி 5034441 பக்கத்துக்கே திரும்புவோம். அதில் செய்முறைக்கு முன்னால் இருந்த விஷயங்கள்: எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் வேண்டும், அந்தப் பார்ட்டிஷனே இல்லாத கணினிக்கு இந்த அப்டேட் தேவையில்லை, அந்த எரரைப் பொருட்படுத்த வேண்டாம். கடைசி வரி ஒன்றைப் படித்திருந்தாலே நிறைய பேர் கணினியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பதிப்பைப் பார்ப்பதற்கு 'வின்வெர்' என்று ஸ்டார்ட் மெனுவில் தட்டினால் போதும். வரும் சின்னப் பெட்டியில் பதிப்பும் பில்ட் எண்ணும் இருக்கும். மாதாந்திர அப்டேட் கட்டுரைகளின் தலைப்பிலேயே பில்ட் எண் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நேரமே ஆகாது.

அதைவிட முக்கியம் தேதி. இந்தப் பிரச்சினைக்கான பதில் அந்த ஆண்டிலேயே மாறியது. ஜனவரியில், பார்ட்டிஷனை நீங்களே பெரிதாக்குங்கள் என்றார்கள். ஏப்ரல் கடைசியில், தானாகச் சரிசெய்யும் தீர்வு வராது என்றார்கள். ஆகஸ்டில் கேபி 5042320 என்ற மாற்று அப்டேட் வந்தது. இடமில்லாத கணினிகளுக்கு அது வழங்கப்படவே இல்லை, ஆகவே எரரும் இல்லை. ஜனவரியில் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் பெற்று செப்டம்பரில் பார்ட்டிஷனை வெட்டியவர் தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்தவர். உதவிப் பக்கத்தைப் படமாக அனுப்பாமல் முகவரியாக அனுப்பச் சொல்வது இதனால்தான்.

பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் செய்முறை வேறொரு கட்டுரையில் இருந்தது, கேபி 5028997. ஆபத்தான கட்டுரையை எப்படிப் படிப்பது என்பதற்கு அது நல்ல உதாரணம். முதல் கட்டளை, ரெக்கவரியைக் கையாளும் 'ரீஏஜென்ட்சி', அதோடு 'இன்ஃபோ'. அது எதையும் மாற்றாது, ரெக்கவரி எந்த வட்டில், எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று மட்டும் காட்டும். அந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாமே அவற்றை நம்பித்தான். இரண்டாவது கட்டளை அதே ரீஏஜென்ட்சியால் ரெக்கவரியை 'டிசேபிள்' செய்கிறது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் உண்டு. ரெக்கவரிக் கோப்பைப் பார்ட்டிஷனிலிருந்து சி டிரைவுக்குப் பத்திரமாக எடுத்து வைப்பதே இந்தக் கட்டளைதான். இதைச் செய்யாமல் பார்ட்டிஷனை அழித்தால் கோப்பும் சேர்ந்து போய்விடும். அடுத்து, வட்டைப் பிரிக்கும் கருவியான 'டிஸ்க்பார்ட்' திறந்து, சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து, புதிதாக உருவாக்கி, ஃபார்மேட் செய்து, ரீஏஜென்ட்சியால் ரெக்கவரியை மறுபடி 'எனேபிள்' செய்ய வேண்டும்.

உருவாக்கும் இடத்தில் கட்டுரை இரண்டாகப் பிரிகிறது: ஜிபிடி வட்டுக்கு ஒரு கட்டளை, எம்பிஆர் வட்டுக்கு வேறு. இரண்டும் வட்டில் பார்ட்டிஷன் விவரத்தைப் பதிந்து வைக்கும் இரு முறைகள். 'லிஸ்ட் டிஸ்க்' காட்டும் பட்டியலில் ஜிபிடி என்ற பத்திக்குக் கீழே நட்சத்திரக் குறி இருந்தால் ஜிபிடி, இல்லாவிட்டால் எம்பிஆர். அந்த நட்சத்திரத்தைப் பார்க்காமல் முதலில் கண்ணில் படும் கட்டளையை ஒட்டியவர்கள்தான் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். இன்னொரு சிக்கல்: இந்த முறை, ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் இருந்தால்தான் செல்லும். சில பழைய கணினிகளில் அது சி-க்கு முன்னால் இருக்கும். சி-யைச் சுருக்கினால் இடம் அதன் வால் பக்கம் காலியாகும். முன்னால் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அது எட்டாது. கணினித் தயாரிப்பாளர் தனியாக வைத்த இன்னொரு ரெக்கவரி பார்ட்டிஷனும் சேர்ந்திருந்தால் எதை அழிக்கிறோம் என்ற குழப்பம் வேறு. தாளில் எழுதிய எண் அங்கே கைகொடுக்கும். இப்படிக் கிளை பிரியும் கட்டுரையை முதல் தடவை கை வைக்காமல் கடைசிவரை படிக்க வேண்டும். எந்தக் கிளை நம்முடையது என்று தெரிந்த பிறகே முதல் கட்டளை.

பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினி என்றால், தொடங்கும் முன் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். ஒரே கணக்கில் பல கீகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை வைத்து எது சரியானது என்று பொருத்திப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அன்று அந்த 48 இலக்கம்தான் பல அலுவலகங்களின் கழுத்தைப் பிடித்தது. தீர்வு எளிது: சேஃப் மோடில் நுழைந்து, டிரைவர்கள் கோப்புறைக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற உறைக்குப் போய், சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழிப்பது. பிட்லாக்கர் போட்ட கணினியில் கீ இல்லாமல் அந்த இடத்துக்குப் போவதே பெரும்பாடு. மைக்ரோசாஃப்ட் இதற்கு இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது, பயனர் கணினிக்கு கேபி 5042421, சர்வருக்கு கேபி 5042426. பிரச்சினை ஒன்றே ஆனாலும் உங்கள் கையில் இருப்பது எது என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறும். உதவிப் பக்கம் தேவைப்படும் நேரத்தில் கணினி செத்துக் கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரீஸ்டார்ட், ரூட்டர் ரீசெட், பார்ட்டிஷன் வேலை எதுவானாலும் பக்கத்தை முன்கூட்டியே போனில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். சேமிக்கும் முன், கூட்டல் குறியோ அம்புக்குறியோ போட்டு மடித்து வைத்திருக்கும் பகுதிகளை எல்லாம் விரித்துவிடுங்கள். மடித்த பகுதி பல தளங்களில் அச்சிலும் வராது, பக்கத்துக்குள் தேடினாலும் சிக்காது.

அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் முதல் அறிவிப்பு வாடிக்கையாளர் லாகினுக்குப் பின்னால்தான் இருந்தது. இது அபூர்வமல்ல. உதவித் தளங்களை நடத்த நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள்களில், சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க்கிலும், அமெரிக்க நிறுவனமான ஜென்டெஸ்க்கிலும் கட்டுரையை யார் பார்க்கலாம் என்று பூட்டு போட முடியும்: எல்லாரும், லாகின் செய்தவர்கள் மட்டும், ஊழியர்கள் மட்டும். பூட்டிய கட்டுரை லாகின் செய்யாதவரின் தேடலில் வராது. இணைப்பு கிடைத்து அழுத்தினாலும் 'பக்கம் இல்லை' என்றே சொல்லக்கூடும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் முதலில் லாகின், பிறகு தேடல். சப்போர்ட் ஊழியர் அனுப்பிய இணைப்பு திறக்கவில்லை என்றால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம், ஊழியர்களுக்கு மட்டும் திறந்த பக்கத்தை அவர் தெரியாமல் அனுப்பியிருக்கலாம்.

பக்கமே நிஜமாக நீக்கப்பட்டிருந்தால் வேபேக் மெஷின். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் இந்தச் சேவையில் பழைய முகவரியை ஒட்டினால் எந்தெந்தத் தேதியில் பிரதி எடுத்திருக்கிறது என்று நாட்காட்டி காட்டும். ஆகப் புதிய பிரதியை எடுக்காமல் உங்கள் சாதனம் விற்பனையில் இருந்த காலத்துப் பிரதியை எடுங்கள். கட்டுரை கிடைக்கும், அதில் இணைத்திருந்த டிரைவர் கோப்பு பெரும்பாலும் கிடைக்காது. வேறு ஏதோ தளத்திலிருந்து அதே பெயரில் டிரைவரை இறக்குவதற்குப் பதில் பழைய பிரிண்டரையே தலைமுழுகிவிடலாம்.

தேடல் முடிவுகளின் உச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் ஒன்று வருகிறது. விண்டோஸ் 10-இன் மெனுவையும் 11-இன் மெனுவையும் ஒரே பட்டியலில் கலந்து தருவது அதற்குக் கைவந்த கலை. அதன் கீழே உள்ள மூல இணைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயனர்கள் பதில் சொல்லும் பகுதிகளிலும் கவனம் தேவை. பச்சை டிக் போட்ட பதிலை எழுதியவர் பெரும்பாலும் தன்னார்வலர்தான், நிறுவன ஊழியர் அல்ல. எதற்கெடுத்தாலும், கெட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையை ஓட்டச் சொல்லும் பதில் அங்கே காய்த்துத் தொங்கும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கட்டுரையோ அதற்கு முன்னால் டிஸ்ம் கருவியை ஓட்டச் சொல்கிறது. டிஸ்ம் சரிசெய்து வைத்த நல்ல கோப்புகளிலிருந்துதான் எஸ்எஃப்சி எடுத்துப் போடுகிறது. கெட்டுப்போன இருப்பிலிருந்து எடுத்தால் எத்தனை முறை ஓட்டியும் பலன் இல்லை.

எதைத் தேடினாலும் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று மட்டும் பொதுத் தேடலில் தேடாதீர்கள். போலி எண்களை விரித்து வைத்துக் காத்திருக்கும் கும்பலுக்கு அதுதான் வாசல். எண் வேண்டுமென்றால் செயலிக்குள்ளே, பில்லில், அட்டையின் பின்புறத்தில் பாருங்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர் சப்போர்ட் ஆள் என்று சொன்னாலும் வங்கிச் செயலி இருக்கும் போனில் அதைச் செய்யக் கூடாது. பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் சப்போர்ட்டிடம் டிக்கெட், அதாவது எழுத்துப் புகார், போடுங்கள், ஆனால் படித்ததைச் சொல்லிப் போடுங்கள். 'அப்டேட் ஆகவில்லை, உடனே சரி செய்யவும்' என்று எழுதினால் முதல் பதிலாக நீங்கள் ஏற்கெனவே படித்த அதே கட்டுரையின் இணைப்பு வரும், ஒரு நாள் வீண். இப்படி எழுதினால் அந்த முதல் சுற்று இல்லாமல் போகும்: 'கேபி 5028997 கட்டுரையைப் பின்பற்றினேன். விண்டோஸ் 10, 22ஹெச்2, ஜிபிடி வட்டு. ரீஏஜென்ட்சி டிசேபிள் வெற்றி. சி டிரைவைச் சுருக்கும் படியில், சுருக்கப் போதிய இடமில்லை என்ற செய்தி வந்தது. சி-யில் 60 ஜிபி காலி உள்ளது. இந்திய நேரம் மாலை 4.10. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.' கட்டுரை எண், வெற்றியான கடைசிப் படி, தோற்ற படி, திரையில் வந்த வாசகம், பதிப்பு, நேரம் எல்லாம் இதில் இருக்கின்றன. இணையச் சேவைகளில் நேரம் ரொம்ப முக்கியம், அவர்கள் பக்கத்துப் பதிவேட்டில் உங்கள் பிழையை அதை வைத்துத்தான் தேடுவார்கள்; பதிவேடு வேறு நேர மண்டலத்தில் இருக்கும் என்பதால் 'இந்திய நேரம்' என்று சேர்த்தே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு எரர் வாசகத்தை எழுத்தாகவும் தட்டிவிடுங்கள். படத்துக்குள் இருப்பதைப் பல டிக்கெட் மென்பொருள்கள் தேடாது. எழுத்தாக இருந்தால் இதே வாசகத்தோடு வந்த பழைய டிக்கெட்டை ஊழியரால் கண்டெடுக்க முடியும்.